டா நாங் கடல், அங்கோர் கோயில்: எட்டு நாளில் வியட்நாமும் கம்போடியாவும்

கடலில் குளிக்க வேண்டும், பழங்கோயிலும் பார்க்க வேண்டும், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது. இப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது மத்திய வியட்நாமின் டா நாங், ஹோய் ஆன் பகுதியையும் கம்போடியாவின் சியெம் ரீப்பையும் சேர்த்த பயணத்தைத்தான். ஒரு பக்கம் நீளமான மணற்கரை, அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில், ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் கட்டிய மி சோன் சிவன் கோயில்கள். இன்னொரு பக்கம் சியெம் ரீப்பை ஒட்டி, கெமர் அரசர்களின் பழைய தலைநகரான அங்கோர். நடுவில் ஒரு குட்டி விமானப் பயணம்.

தாய்லாந்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பாங்காக்கிலிருந்து பஸ் பிடித்து எல்லை தாண்டி சியெம் ரீப் போவது வெகுகாலம் எல்லோரும் போன வழிதான். 2025-இல் இரு நாட்டு எல்லையில் சண்டை மூண்டு தரைவழிக் கடவுகள் மூடப்பட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பி அந்த வழியில் திட்டம் போடாதீர்கள். எல்லையை ஒட்டிய ப்ரீயா விஹார் கோயிலையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு நாளில் இரண்டு நாடு போதும். ஹனோயையும் ஹா லோங் விரிகுடாவையும் இதில் திணித்தால் விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

முதலில் மாதம், பிறகுதான் டிக்கெட்

இந்தப் பயணத்தில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். விலை குறைவாக இருக்கிறதென்று டிக்கெட்டைப் போட்டுவிட்டு, பிறகு மழையைப் பற்றி விசாரிக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகள் என்றாலும் இந்த இரண்டு ஊருக்கும் மழைக்காலம் வேறு.

சியெம் ரீப்பில் மே முதல் அக்டோபர் வரை மழை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் குறைவு, மழையும் இல்லை. எல்லோரும் அங்கோருக்குப் போகச் சொல்லும் மாதங்கள் அவைதான். ஆனால் டா நாங்கில் செப்டம்பரில் தொடங்கும் மழை டிசம்பர் வரை விடாது. நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழையேதான், கடலுக்கு அந்தப் பக்கம். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் வருவது அங்கே வழக்கம். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், இறங்க முடியாது. அங்கோருக்கு உகந்த நவம்பரில் டா நாங் கடற்கரைக்குப் போனால் ஹோட்டல் ஜன்னல் வழியாகத்தான் கடலைப் பார்க்கலாம்.

இரண்டும் ஒத்துவரும் காலம் பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. அதிலும் மார்ச்தான் என் தேர்வு. டா நாங்கில் மழை நின்று கடல் அடங்கியிருக்கும். அங்கோரில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், ஆனால் காலை பத்து மணி வரை தாங்கலாம். மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களில் அங்கோர் வாட்டின் நடுக் கோபுரத்து உச்சிக்கு நேர் மேலே சூரியன் எழும். அந்த இரண்டு மூன்று நாளும் கூட்டம் நெரியும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பிப்ரவரியில் போவதாக இருந்தால் தெத் எப்போது வருகிறது என்று பாருங்கள். வியட்நாமியரின் சந்திரப் புத்தாண்டு அது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த ஒரு வாரம் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும், உள்நாட்டு விமானக் கட்டணம் எகிறும். ஏப்ரல் நடுவில் கம்போடியப் புத்தாண்டு. நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே அதுவும் வருகிறது, சூரியன் மேஷத்தில் நுழையும் அதே கணக்கு. சியெம் ரீப்பில் நடக்கும் விழாவுக்குப் பெயரே அங்கோர் சங்க்ராந்த். பார்க்க அருமையாக இருக்கும், ரூம் கிடைப்பதுதான் பாடு.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மார்ச் எங்கே கிடைக்கும்? மே விடுமுறையில்தான் போக முடியும் என்றால் டா நாங் பகுதிக்குக் கவலை இல்லை; கடலுக்கு அதுதான் நல்ல காலம். அங்கோரில் மட்டும் நண்பகலில் வெளியே தலை காட்டாமல், காலை ஐந்து முதல் பத்து, மாலை மூன்றரைக்கு மேல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறை அல்லது பொங்கலை ஒட்டி என்றால் கடற்கரையை மாற்றுங்கள். டா நாங்குக்குப் பதில் வியட்நாமின் தென்மேற்கே உள்ள ஃபூ குவோக் தீவு. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மி சோன் கைவிட்டுப் போகும், அதற்கென்ன செய்வது. காலாண்டு விடுமுறைக்கு இந்தப் பயணமே வேண்டாம், இரண்டு பக்கமும் நனைவீர்கள்.

எந்த ஊரில் இறங்கி எந்த ஊரில் ஏறுவது

அடுத்து வரிசை. வியட்நாம் முதலில், கம்போடியா பிறகு. கடலைக் கடைசியில் வைத்து ஓய்வெடுப்பதுதானே முறை என்று பலர் சொல்வார்கள். இங்கே அது சரிவராது. அங்கோரைப் பார்த்துவிட்டு மி சோன் போனால், குண்டு விழுந்து பாதி இடிந்த செங்கல் கோபுரங்கள், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். முதலில் மி சோனைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். அங்கிருந்து அங்கோருக்குப் போகையில் ஒன்றையொன்று தொடர்ந்து படிப்பது போல் இருக்கும். சம்பாவும் கெமர் அரசும் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டவர்கள். 1177-இல் சாம் படை, அதாவது சம்பாக்காரர்களின் படை, அங்கோரைச் சூறையாடிய கதையும் உண்டு, அந்தப் போர்களை அங்கோரின் பேயோன் கோயில் சுவரில் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே டா நாங்கில் இறங்கி, சியெம் ரீப்பிலிருந்து ஊர் திரும்புவது போல் டிக்கெட் எடுங்கள். விமானத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று இருப்பது இதற்குத்தான். சென்னை, திருச்சி இரண்டிலிருந்தும் கோலாலம்பூர் வழியாகப் போவது வசதி. கோலாலம்பூரிலிருந்து டா நாங்குக்கு மூன்று மணி நேரத்துக்குள், திரும்பும்போது சியெம் ரீப்பிலிருந்து கோலாலம்பூருக்கு இரண்டு மணி நேரம் போல. மலிவு விமானங்களில் இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்திருந்தால், கோலாலம்பூரில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். மலேசியா 2026 இறுதி வரை இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்பியிருக்க வேண்டும். இரண்டு விமானத்துக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள்.

டா நாங்கிலிருந்து சியெம் ரீப்புக்கு நேரடி விமானம் எல்லாப் பருவத்திலும் எல்லா நாளும் ஓடாது. உங்கள் தேதிக்கு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹோ சி மின் நகரம், அதாவது பழைய சைகோன் வழியாக மாறிப் போங்கள். அங்கிருந்து சியெம் ரீப் ஒரு மணி நேரம். பஸ்ஸில் போகலாமே என்று யாராவது சொன்னால் வரைபடத்தைக் காட்டுங்கள். மலைத்தொடரைத் தாண்டி, பெரும்பாலும் லாவோஸைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எட்டு நாள் பயணத்தில் அதற்கு இடமே இல்லை.

விசா, பெயர், டாலர்

வியட்நாமுக்கு இ-விசா. ஒரு முறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். நான் சொன்ன வரிசையில் போனால் 25 டாலர் விசா போதும். சைகோன் வழியாக ஊர் திரும்பி, அங்கே வெளியே வந்து பெட்டி மாற்ற வேண்டியிருந்தால் அது வியட்நாமுக்குள் இரண்டாவது நுழைவு. அப்போது 50 டாலர் விசா இல்லாமல் முடியாது. 25 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று வேலை நாளில் விசா வரும் என்று போட்டிருப்பார்கள். இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். கூகுளில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள்தான், கட்டணம் இரண்டு மூன்று மடங்கு. அரசுத் தளம்தானா என்று முகவரியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கம்போடியாவுக்கு விமான நிலையத்திலேயே விசா வாங்கலாம், 30 டாலர், 30 நாள். முன்கூட்டியே இ-விசா எடுத்தால் வரிசை மிச்சம். எப்படிப் போனாலும் இ-அரைவல் என்ற இலவசப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய ஏழு நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 2024 செப்டம்பர் முதல் விமானத்தில் வருகிற எல்லோருக்கும் இது கட்டாயம். இதற்கும் பணம் கேட்கிற போலித் தளங்கள் இருக்கின்றன.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு தலைவலி, பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். விமானத் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. சில நிறுவனங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு மாதிரி. உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்து டிக்கெட்டை எடுங்கள். விசாப் படிவத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

இரண்டு விசாவுக்கும் அங்கோர் நுழைவுச்சீட்டுக்கும் மட்டும் ஒரு ஆளுக்கு 117 டாலர் ஆகிவிடும். பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நால்வர் குடும்பம் என்றால் பட்ஜெட் போடும்போது முதலில் இதை எழுதுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கோரில் சீட்டு வேண்டாம், ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

கம்போடியாவில் டாலரே ஓடும். சில்லறை மட்டும் ரியெலில் வரும், டாலருக்குச் சுமார் 4,000. கிழிசல், பேனாக் கிறுக்கல், மடிப்பில் விரிசல் உள்ள நோட்டை வாங்கவே மாட்டார்கள். ஊரில் டாலர் வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் நிறைய வேண்டும். வியட்நாமில் டோங்தான். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தோராயமாகச் சரியாக இருக்கும். அங்கே 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது சுழியை எண்ணுங்கள்.

முதல் நான்கு நாள்: கடலும் சம்பாவும்

தங்குவதற்கு டா நாங்கா, ஹோய் ஆனா? இரண்டுக்கும் இடையே 30 கிலோமீட்டர்தான். மீ கே கடற்கரையை ஒட்டி டா நாங்கில் அடுக்குமாடி ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன; மணல் நல்ல மணல்தான், ஊர் மட்டும் எந்தப் பெருநகரமும் போலத்தான். ஹோய் ஆனுக்கு வெளியே ஆன் பாங் கடற்கரையில் சின்ன விடுதியாகப் பார்த்துத் தங்குவதையே நான் விரும்புவேன். காலையில் கடல், மாலையில் சைக்கிளில் கால் மணி நேரத்தில் பழைய ஊர். பக்கத்தில் குவா தாய் என்று இன்னொரு கடற்கரையும் புகழ்பெற்றதுதான், கடல் அரித்துவிட்டதால் இப்போது அங்கே பல இடங்களில் மணலைவிட மணல்மூட்டையும் கல்லும்தான் அதிகம். விடுதி பிடிக்கும்போது ‘ஹோய் ஆன் கடற்கரை’ என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேளுங்கள்.

இறங்கிய நாள் கணக்கில் வராது. மறுநாள் காலை கடலில் ஒரு குளியல் போட்டுவிட்டு, பிற்பகல் டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகம். பிரெஞ்சுக்காரர்கள் 1919-இல் திறந்தது. மி சோனுக்குப் போகும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் மி சோனின் நல்ல சிற்பங்கள் மி சோனில் இல்லை, இங்கே இருக்கின்றன. மி சோன் கோயில்களுக்கு எழுத்தும் எண்ணும்தான் பெயர்; அதில் இ1 கோயிலின் பீடத்தைத் தேடிப் பாருங்கள்: குகையில் தவம் செய்கிற முனிவர், வீணையும் குழலும் வாசிக்கிறவர்கள் எல்லாம் பீடத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். லிங்கத்தைத் தாங்க வந்த பீடம் அது.

மூன்றாம் நாள் மி சோன். ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர். ஊர்ப் பயண ஏஜென்சிகளின் பஸ்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கும், அதற்குள் வெயில் ஏறியிருக்கும். முந்தின இரவே காருக்குச் சொல்லிவைத்து ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். சீட்டு 1,50,000 டோங், நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய் போல. வாசலிலிருந்து கோயில் வரை பேட்டரி வண்டி விலையில் சேர்ந்தது.

நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன் இங்கே பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்தான். மரத்தில் கட்டிய அந்தக் கோயில் எரிந்துபோன பிறகு வந்தவர்கள் செங்கல்லுக்கு மாறினார்கள்; 13-ஆம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். சுற்றிலும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்த இடத்தில் இன்று நிற்பவை இருபது சொச்சம். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில், எல்லாவற்றிலும் உயரமான ஏ1 கோபுரம் போனது. பி, சி தொகுதிகளின் அருகே புல் முளைத்த வட்டப் பள்ளங்கள் தெரியும். குளம் என்று நினைக்க வேண்டாம், குண்டு விழுந்த குழி.

சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று செங்கல் சேரும் இடத்தைப் பாருங்கள். காரை தெரியாது. இரண்டு செங்கல்லுக்கு நடுவே நகம் நுழைய இடம் இருக்காது. கட்டி முடித்த சுவரிலேயே உளி வைத்துத் தூணையும் கொடியையும் கும்பிடும் ஆளையும் செதுக்கியிருக்கிறார்கள், செங்கல் உதிரவில்லை. அங்கே வளரும் ஒரு மரத்தின் பிசினை வைத்து ஒட்டினார்கள் என்பது ஒரு கருத்து. இன்னும் விவாதம் ஓயவில்லை. பிற்காலத்தில் புதுச் செங்கல் வைத்துப் பழுது பார்த்த இடங்களில் பாசி ஏறியிருப்பதையும் பழைய செங்கல் சிவப்பு மாறாமல் இருப்பதையும் வழிகாட்டிகள் கைகாட்டுவார்கள்.

2017 முதல் சில ஆண்டுகள் இங்கே பழுது பார்த்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. 2020 மே மாதம் அவர்கள் தோண்டியபோதுதான் ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. ஏ தொகுதியைப் பலர் தூரம் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் நடந்து போய்ப் பாருங்கள்.

ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் வெளியே வந்துவிடலாம், அதாவது பஸ்கள் உள்ளே வரும் நேரத்தில். மதியச் சாப்பாட்டுக்கு ஆன் பாங், பிறகு கடல்.

நான்காம் நாளை இறுக்கிக் கட்டாதீர்கள். கடல் அமைதியாக இருந்தால் விசைப்படகில் சாம் தீவுக்குப் போகலாம், பவளப்பாறை பார்க்கலாம். இல்லையென்றால் ஹோய் ஆனிலேயே சுற்றுங்கள். பழைய ஊருக்கான 1,20,000 டோங் சீட்டில் ஐந்து இடங்களுக்குள் போகலாம். அதில் ஒன்று மூடுபாலம், ஜப்பானியர் கட்டியது, ஒரு முனையில் குரங்குச் சிலையும் மறுமுனையில் நாய்ச் சிலையும் காவல். சந்திர மாதத்தின் 14-ஆம் நாள் இரவு, அதாவது பௌர்ணமியை ஒட்டி, பழைய ஊரில் மின்விளக்கை அணைத்துக் காகித விளக்கு ஏற்றுவார்கள். காலண்டரில் பௌர்ணமி பார்த்துத் தேதி போட முடிந்தால் போடுங்கள். தையற்கடைகளில் ஒரே நாளில் கோட் தைத்துத் தருகிறோம் என்பார்கள். இரண்டாவது முறை அளவு பார்க்க நேரம் இல்லையென்றால் அந்த ஆசையை விடுங்கள்.

அடுத்த நான்கு நாள்: அங்கோர்

சியெம் ரீப் விமான நிலையம் ஊருக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் பழைய கதை. 2023 அக்டோபரில் திறந்த புதிய நிலையம் 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, ஊருக்குள் வர ஒரு மணி நேரம். டாக்ஸிக்குச் சுமார் 35 டாலர், ஷட்டில் பஸ்ஸுக்கு ஆளுக்கு 8 டாலர் போல. விடுதிக்காரரே வண்டி அனுப்புவாரா என்று முன்பே கேளுங்கள்.

அங்கோர் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டை எடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் போக வேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் ஆகலாம். சீட்டு அலுவலகம் கோயிலருகே இல்லை, ஊரிலிருந்து வேறு சாலையில். மாலை 4.45-க்குப் பிறகு வாங்கினால் அன்று மாலை போய்ப் பார்ப்பது கணக்கில் சேராது, மறுநாளிலிருந்துதான் முதல் நாள். ஐந்தாம் நாள் விமானம் மூன்று மணிக்குள் இறங்கிவிட்டால் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அன்று மாலை சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் ஏறும் ப்னோம் பாக்கெங் குன்றுக்கு வேண்டாம். ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு, ஒரு மணி நேரம் வரிசை. ஸ்ரா ஸ்ராங் குளக்கரைப் படியில் உட்கார்ந்தால் போதும்.

வண்டிக்கு டுக்டுக். பக்கத்துக் கோயில்களுக்கு நாள் முழுக்க 20 டாலர் அளவில் பேசலாம். விடியற்காலை வரச் சொன்னாலும் தூரத்துக் கோயில் சேர்த்தாலும் கூடும். ஒரே ஓட்டுநரை மூன்று நாளும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வேகம் அவருக்குப் பழகிவிடும்.

ஆறாம் நாள் காலை ஐந்து மணிக்கு அங்கோர் வாட். உள்ளே போனதும் இடது கைப்பக்கக் குளத்தின் ஓரத்தில்தான் எல்லோரும் நிற்பார்கள், கோபுரமும் அதன் நிழலும் தண்ணீரில் சேர்ந்து தெரியும் இடம். சூரியன் வந்ததும் முக்கால்வாசிப் பேர் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள், இனிமேல்தான் கோயில் உங்களுக்கு. ரொட்டியும் பழமும் பையில் இருக்கட்டும். மேல்தளமான பாக்கானுக்கு ஏற முதல் ஆட்களாக நில்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லையென்றால் ஏற விட மாட்டார்கள், மேலே துண்டைப் போர்த்திக்கொண்டாலும் ஏற்பது சந்தேகம். பௌத்த விரத நாட்களில், மாதத்தில் நான்கு நாள், பாக்கான் மூடியிருக்கும். பௌர்ணமி, அமாவாசையோடு இரண்டு அஷ்டமியையும் கழித்துத் திட்டமிடுங்கள். ஹோய் ஆன் பௌர்ணமியைப் பிடித்தவர்களுக்கு இங்கே இரண்டு மூன்று நாள் தள்ளித்தான் வரும், சரியாகவே பொருந்தும்.

இறங்கியதும் கிழக்குத் திருச்சுற்றின் தென்பாதிக்குப் போங்கள். காலை வெளிச்சம் அங்கேதான் விழும். 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் ஆமையின் மேல் மந்தர மலை, அதன் முன் திருமால். நின்று பார்க்க வேண்டியது கீழ்வரிசை. ஓரங்களில் மீனும் முதலையும் முழுசாக நீந்துகின்றன. மலையை நெருங்க நெருங்கச் சுழலில் சிக்கி இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். கடையும் வேகத்தைச் சிற்பி அங்கே காட்டியிருக்கிறான். வாசுகியின் வால் முனையைப் பிடித்து நிற்பது குரங்கு. நமக்குத் தெரிந்த பாற்கடல் கதையில் அனுமன் வருவதில்லை, கெமர் சிற்பி சேர்த்துக்கொண்டான்.

மேற்குச் சுவரைக் காலையிலேயே பார்க்காதீர்கள். குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் அங்கே இருக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் பட்டால்தான் புடைப்பு எழும்பித் தெரியும். அம்புப் படுக்கையில் பீஷ்மர், அனுமன் தோளில் ராமன், சிங்கம் பூட்டிய தேரில் இருபது கையோடு ராவணன். இன்னொரு விஷயம், இந்தச் சிற்பங்களின் கதை வரிசை நாம் வலம் வரும் திசைக்கு எதிராக ஓடுகிறது. கோயிலும் மேற்கு பார்த்தது. இரண்டாம் சூரியவர்மன் இதைத் தன் நினைவுக் கோயிலாகவும் எண்ணியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இவை காரணம். வெளியே வரும்போது மேற்கு வாசல் கோபுரத்தில் எட்டுக் கை விஷ்ணு நிற்கிறார். உள்ளூர்க்காரர்கள் தா ரீச் என்று கும்பிட்டு ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். நீங்களும் ஏற்றலாம்.

நண்பகலில் விடுதிக்குத் திரும்பித் தூங்குங்கள். இது சோம்பல் இல்லை, வழி. மூன்று மணிக்கு மேல் அந்த மேற்குச் சுவர்.

ஏழாம் நாள் பாந்தே ஸ்ரீ. ஊரிலிருந்து டுக்டுக்கில் ஒரு மணி நேரம், ஏழரைக்குத் திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். அரசன் கட்டியதல்ல, யக்ஞவராகன் என்ற ராஜகுரு எடுத்த சிவன் கோயில். குடமுழுக்கு 967-இல், ராஜராஜன் அரியணை ஏறுவதற்கு 18 ஆண்டு முன்பு. இளஞ்சிவப்புக் கல். சன்னதிக்குள் குனிந்துதான் நுழைய முடியும், அவ்வளவு சிறிசு. மரத்தில் செதுக்குவது போல் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ராவணன் கயிலையை ஆட்டுவது, காமன் எரிவது எல்லாம் உண்டு.

தமிழர்கள் தேட வேண்டியது கிழக்குக் கோபுர வாசல் முகப்பில் ஆடும் சிவனை. அவர் காலடிப் பக்கத்தில் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கையில் கேமராவில் ஜூம் இருந்தால் நல்லது, கொஞ்சம் உயரத்தில் இருக்கிறார். ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ அரசன் தேர் அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது; அதற்கும் முன்பே நம் அம்மையார் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் தா ப்ரோம். மரவேர் கோபுரத்தைப் பிடித்திருக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் தாய்க்காகக் கட்டியது, இங்கும் பழுது பார்ப்பது இந்தியத் தொல்லியல் துறை. கூட்டம் பொறுக்கவில்லையென்றால் தந்தைக்காகக் கட்டிய ப்ரீயா கானுக்குப் போங்கள், வேரும் உண்டு, நடமாட்டம் குறைவு.

எட்டாம் நாள் காலை, மதில் சூழ்ந்த பழைய நகரமான அங்கோர் தோமின் தெற்கு வாசல், பிறகு பேயோன். வாசலுக்கு வெளியே பாலத்தின் இருபுறமும் நாகத்தை இழுக்கிற தேவரும் அசுரரும், பக்கத்துக்கு 54 பேர். பேயோனில் முகங்களை மட்டும் படமெடுத்துக்கொண்டு வராமல் வெளிச் சுவரின் கீழ்வரிசையைப் பாருங்கள். சந்தையில் மீன் நிறுக்கிறார்கள், சேவல் சண்டை நடக்கிறது, பிரசவம் பார்க்கிறார்கள்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு ஊரிலும் குறையே இல்லை. ஹோய் ஆனில் காவ் லாவ் நூடுல்ஸ், டா நாங் பக்கம் மீ குவாங் நூடுல்ஸ், சியெம் ரீப்பில் வாழையிலையில் வேகவைத்த மீன் அமோக். சைவர்கள் வியட்நாமில் ‘சாய்’ என்று எழுதிய உணவகங்களைத் தேடுங்கள். பௌத்த சைவச் சாப்பாடு, நிஜமாகவே நன்றாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியில் இன்னும் நிறைய இடங்களில் கிடைக்கும். சாதாரணக் கடையில் காய்கறிக் குழம்பு என்று கேட்டாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும், கம்போடியாவில் ப்ரஹொக் என்ற மீன் பசை. கறி வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் கணக்கில் அது கறி இல்லை, ஆகவே மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சியெம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் ஒரு பாக்கெட் புளிக்காய்ச்சலும் தூக்கமும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

கிளம்பும் நாள்

ஊர் திரும்பும் விமானம் பிற்பகலில் என்றால் அன்று பேயோனுக்கு மேல் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமானம் மூன்று மணிக்கு என்றால் பதினொன்றரைக்குப் பெட்டியோடு விடுதி வாசலில் நிற்க வேண்டும். புதிய விமான நிலையத்துச் சாலையில் ஒரு மணி நேரம் போய்விடும். மீந்த ரியெலை நம்ம ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். டுக்டுக் ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.